பின்பாரம்

அந்தக் கான்கிரீட் கட்டியை இரவல் வாங்கியது நான்தான்.
எண்ணூறு கிலோ, உச்சியில் ஓர் இரும்பு வளையம்.
சிரிலின் டிராக்டருக்குப் பின்னால்
எந்நேரமும் தொங்கிக்கொண்டிருக்கும்.
எதற்கென்று நான் கேட்டதில்லை.

என் மகளின் கல்யாணப் பந்தலை
காற்று தூக்காமலிருக்க ஒரு மூலைக்குப் பாரம் தேவைப்பட்டது.
ஞாயிறு கழித்துத் தருகிறேன் என்றேன்.
அவசரமில்லை என்றான்.
ஸ்டிர்மெட்ஸ் என்றால் எங்கள் மொழியில் செங்குத்து.
அப்படி ஒரு ஊரில்
ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாத வார்த்தை அது.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று.
பந்தலைப் பிரித்து அனுப்பியாயிற்று.
கட்டி மட்டும் என் புல்லில் கிடந்தது,
யாரோ அதன்மேல் மறந்துவிட்டுப் போன
பாதி ஒயின் கோப்பையோடு.

புதன் மாலை மழை என்றது வானொலி.
மேல்வயலில் வெள்ளை நெகிழி சுற்றிய புல்லுருண்டைகள் பதினொன்று.
பத்தை இறக்கிவிட்டான்.
பத்து முறை ஒன்றும் ஆகவில்லை என்பதை
காப்பீட்டுக்காரர் இரண்டு தடவை எழுதிக்கொண்டார்.

கீழே வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு
ஸ்வோன்கா நின்றிருந்தாள். அவள் சொல்லித்தான் தெரியும்:
முழங்காலுயரத்தில்தான் பிடித்து வந்தானாம்.
அவ்வளவு பெரிய வெள்ளைக்குப் பின்னால்
பாதை காணவில்லை.
அதனால் தூக்கினான்.
வீம்புக்கு இல்லை. அவசரத்துக்குக்கூட இல்லை.
பார்ப்பதற்கு.

நான்கு சக்கரம் என்று நம்புகிறோம்.
முன்னச்சு நடுவில் ஒற்றை ஆணியில் ஆடுகிறது,
ஆகவே அது ஒரு முக்காலி, என்றார் காப்பீட்டுக்காரர்.
என் சமையல் மேசையில் உப்புச்சிமிழை முன்னால் வைத்து
இரண்டு முட்டைகளைப் பின்னால் வைத்தார்.
பாரம் உயர உயர
வண்டியின் நிதானமும் மேலே ஏறிவிடும்.
பின்னால் எடை இல்லையென்றால்
அது முன்னால் நகர்ந்து இந்தக் குறுகிய மூலைக்கு வரும்.
இங்கே நிற்க இடமில்லை, பாருங்கள்.
ஒரு முட்டை உருண்டது. விழுமுன் பிடித்துவிட்டார்.
பின்னால் வழக்கமாக ஏதும் மாட்டுவாரா என்று கேட்டார்.
ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினேன்.

மேட்டுப்பக்கச் சக்கரம் ஏறியது
அகழெலி தள்ளிய மண், ஒரு தொப்பியளவு.
முதலில் மெதுவாகத்தான் சாய்ந்தது, என்றாள் ஸ்வோன்கா,
பூசையின் நடுவே தூங்கி விழுகிறவன் மாதிரி.
அப்புறம் மெதுவாக இல்லை.

தலைக்கு மேலே இருக்கும் அந்த இரும்பு வளைவை
ப்ளம் கிளைகள் இடிக்கும் என்று
ஆண்டு முழுக்க மடக்கியே வைத்திருப்பான்.
மணப்பெண்ணை ஏற்றிவர, ரிப்பன் கட்டுவதற்காக
சனிக்கிழமை நிமிர்த்தி ஆணி போட்டான்.
மடக்க மறந்துவிட்டான்.
ரிப்பன்கூட அவிழ்க்கவில்லை.
அந்த வளைவு மண்ணில் குத்தி நின்றது.
பெல்ட் போட்டிருந்தான்; ஏனென்று கேட்டால்
இப்போதும் கோபம் வருகிறது அவனுக்கு.
தலைகீழாகத் தொங்கினான், இஞ்சினை அணைக்கச் சொல்லிக்கொண்டு.
அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

இரண்டு விலா, ஒரு காறை எலும்பு.
புல்லுருண்டை ஸ்வோன்காவைத் தாண்டி
ஓடையில் இறங்கி ஒரு வாரம் ஊறியது.

என் வீட்டுக் கல்யாணம்தான் அவன் பின்பாரத்தை எடுத்தது.
அதே கல்யாணம்தான் வளைவை நிமிர்த்தியது.
கழித்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம் என்கிறான் என் கணவன்.
அவனுக்குக் கணக்கு வரும்.
எனக்கு இரவில் முட்டை உருளும் சத்தம் வருகிறது.

கட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று
கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வெளியே வந்தான்.
கொட்டகையில் டிராக்டர் இல்லை, பட்டறையில் இருந்தது.
எண்ணூறு கிலோவை வெறுந்தரையில் இறக்கினேன்.
அவசரமில்லை என்றேனே, என்றான்.
சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை.

என் புல்லில் ஒரு சதுரம் மஞ்சளாய்க் கிடக்கிறது.
செப்டம்பர். இரண்டாம் அறுப்பு.
மேல்வயலிலிருந்து இறங்குகிறது ஒரு வெள்ளை உருண்டை,
தரையை உரசுகிற மாதிரி, தாழ,
பின்னால் கட்டி, மேலே வளைவு,
நடுவே வழி தெரியாத ஒருவன்.
எட்டத்தில், மேட்டுப்பக்கம் நின்று
ஸ்வோன்கா கத்துகிறாள்:
இடது. இன்னும் இடது. நில்.
நிற்கிறான்.